மடியில் கனம்

ஏங்கண்ணு, வந்து எறங்குனதுல இருந்து என்ற போனைப் புடிச்சுக்கிட்டு அதை மாத்து, இதை அமுக்குன்னு மூச்சு வாங்கறியே, சித்தெ நேரம் கீழ வெய்யி. வாட்சப்புல இருந்தா கம்பெனிக்காரன் வேவு பாக்கறான், சிக்னலுக்கு மாறிக்குங்க அப்பாருங்கற நீ. அக்கட்டால கட்டல்ல சாஞ்சுக்கிட்டு உங்க மாமன், 'மடியில கனமில்லாதவனுக்கு வழியில என்ன பயம்'ங்கறாரு. ஸ்டேசன்ல லத்தி புடிச்ச கை, அவரு அப்படித்தான் பேசுவாரு. ரெண்டு பேரு நாயத்தையும் காதுல வாங்கிப்போட்டேன். இப்ப என்ற நாயத்தைக் கேளுங்க. கேட்டுப்போட்டுச் சிரிக்கறதுன்னாலும் சிரிங்க. எதுக்குச் சிரிக்கறீங்கன்னு அப்பத்தா கேட்டா மட்டும் சொல்லீராதீங்க.

அந்த மடிக் கனத்துப் பழமொழிய ஆரு கண்டுபுடிச்சிருப்பாங்கன்னு ஒரு நாளாச்சும் ரோசிச்சுப் பாத்தயா? வழியில நடந்து போனவன் சொல்லியிருக்க மாட்டான். வழி மறிச்சு நின்னவன் சொன்னதாத்தான் இருக்கோணும். என்ற மடியில என்ன இருக்குது? வெத்தலை, கொட்டப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி. அதுக்கடியில உங்க அப்பத்தாளுக்குத் தெரியாம மடிச்சு வெச்ச ஒரு நோட்டு. கொலையும் இல்ல, களவும் இல்ல. ஆனா அவ முன்னால அவுத்துக் காட்டச் சொன்னா எனக்குப் பயந்தான். அட, என்னைய உடு. மாப்ளைக்குப் பென்சன் எவ்வளவு வருதுன்னு பத்து வருசமாக் கேக்கறேன். 'ஏதோ வருதுங் மாமா'ங்கறாரு. மடியில கனமில்லாத மனுசன் அதைச் சொல்றதுக்கு ஏன் இப்படி நெளியறாரு?

நீ சொல்லுவ, 'ஏனுங் அப்பாரு, நம்ம ஊர்ல என்னத்த ரகசியம், ஒருத்தன் தும்முனா ஊருக்கே சளி புடிக்குது'ன்னு. நெசந்தான். இந்தத் திண்ணையில உக்காந்து பழமை பேசறதே எங்களுக்குச் சோறு. ஆரு ஊட்டுல எந்த ஒறம்பரை வந்தாங்க, எதுக்கு வந்தாங்க, போகும்போது மூஞ்சி எப்படி இருந்துச்சு, அம்புட்டும் தெரியும். ஆனா ஒண்ணு கவனி. என்ற கடன் கணக்கு டீக்கடைக்காரனுக்குத் தெரியும். அவன் கடன் கணக்கு எனக்குத் தெரியும். அவன் என்னையப் பத்தி அளவுக்கு மீறி அளந்தான்னா, அவன் கல்யாணத்துக்கு முந்தி கரூருக்கு எதுக்குப் போனான்னு நான் ஆரம்பிச்சிருவேன். அதனால அவனும் அடக்கி வாசிப்பான், நானும் அடக்கி வாசிப்பேன். போதாததுக்கு, ஊருக்கு மறதி உண்டு. அடுத்த நோம்பிக்குள்ள வேற ஒருத்தன் மாட்டிக்குவான்.

உன்ற போனுக்குள்ள இருக்கறவனுக்கு அந்த மறதி கெடையாது. அவன் மூஞ்சியும் எனக்குத் தெரியாது. அவனுக்கு என்னையத் தெரியும், அவனைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இங்கதான் எனக்கு இடிக்குது.

சிரிக்காத, நீயும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். போன தைப்பொங்கலுக்கு வந்தப்ப, 'வயசானவங்க தனியா இருக்கறீங்க, பத்திரத்துக்கு'ன்னு சொல்லி இந்தத் தூணு மேல ஒரு கேமராவ மாட்டிப்போட்டுப் போனயே. அது பத்திரமாத்தான் பாக்குது. நான் பீடி பத்த வெச்சு முடியறதுக்குள்ள பெங்களூர்ல இருந்து போன் வருது. அப்பத்தா என்னையத் திட்டறது முச்சூடும் சத்தத்தோட உனக்குக் கேக்குதாமா. செரி, உன்ற ஊட்டுச் சமையக்கட்டுல ஒண்ணு மாட்டி, அதை என்ற போன்ல காட்டறயா? காட்ட மாட்டே. 'பிரைவசி'ம்பே. அது உனக்கு இருக்குதாமா, எனக்கு இல்லியாமா?

இப்ப மாமன் பக்கம் வாரேன். கவுருமெண்டுகிட்டக் குடுத்தது பத்திரமா இருக்கும்ங்கறாரு. பத்திரத்துக்கு என்ன கொறைச்சல்! 2018 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட்டுல அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் எந்திரிச்சு நின்னு, ஆதார் விவரமெல்லாம் 13 அடி ஒசரம், 5 அடி கனத்துல செவுரு வெச்ச கட்டடத்துக்குள்ள இருக்குதுன்னாரு. படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அஞ்சடிச் செவுத்தைத் தொளைக்கற திருடன் நம்ம சில்லாவுலயே இல்ல. என்ன, அதுக்கு ரெண்டு மாசம் முந்தி, சனவரியில, டிரிப்யூன் பத்திரிகைக்கார அம்மிணி ஒருத்தங்க செவுத்துப் பக்கமே போகாம, ஏசென்டுகிட்ட 500 ரூபா குடுத்து, பத்து நிமிசத்துல உள்ள பூந்து பாத்துப்போட்டு எழுதியும் போட்டாங்க. பேரு, வெலாசம், போன் நம்பர், போட்டோ எல்லாம் தெரிஞ்சுதாமா. கைரேகை, கண்ரேகை எதும் போகலேன்னு ஆதார் ஆணையம் சொல்லுச்சு, இருக்கலாம். ஆனா ஆணையம் மொதல் வேலையா என்ன பண்ணுச்சு தெரியுமா? எழுதுன அம்மிணி பேரையும் சேத்துப் போலீசுல கேசு குடுத்துச்சு. கதவு தொறந்து கெடக்குதுன்னு சொல்ல வந்தவளையே புடிச்சுக் கட்டி வெச்ச கதை.

அதே வருசம் சூலையில இன்னொரு கூத்து. தொலைத்தொடர்பு ஆணையம் டிராய்க்குத் தலைவரா இருந்த ஆர்.எஸ். சர்மா, ஆதார் ஆணையத்தையே ஆரம்பத்துல நடத்துன மனுசன், தன்ற 12 எண்ணையும் டுவிட்டர்ல போட்டு, 'முடிஞ்சா எனக்கு ஒரு கெடுதல் பண்ணிக் காட்டுங்க பாக்கலாம்'னு தொடை தட்டுனாரு. சனங்க உடுவாங்களா? அவரு போன் நம்பர், பொறந்த தேதி எல்லாம் சந்திக்கு வந்துச்சு. ஒருத்தன் அவரு பேங்குக் கணக்குல ஒரு ரூபா போட்டேன்னு சொல்லி ரசீதையும் காட்டுனான். கெடுதல் எதும் ஆகலேன்னு அவரு கடேசி வரைக்கும் சொன்னாரு. ஆனா பின்னாலயே ஆணையம் ஓடியாந்து, 'மத்தவங்க ஆரும் இப்படி நம்பரை வெளிய போடாதீங்க சாமி'ன்னு அறிக்கை உட்டுச்சு.

2022 மே மாசம் அதே ஆணையத்தோட பெங்களூரு ஆபீசு, ஆதார் ஜெராக்ஸை எல்லாருக்கும் குடுக்காதீங்க, கடேசி 4 எண்ணு மட்டும் தெரியற மறைச்ச ஆதாரைக் குடுங்கன்னு சொல்லுச்சு. கேட்டதும் ஊரே திடுக்குன்னு முழிச்சுது, ஏன்னா அதுக்குள்ள நம்ம ஜெராக்ஸ் லாட்ஜு, கல்யாண மண்டபம், சிம்கார்டுக் கடை, பழைய பேப்பர்க் கடைன்னு எல்லா எடத்துலயும் குடியிருந்துச்சு. ரெண்டே நாள்ல, தப்பாப் புரிஞ்சுக்குவாங்கன்னு சொல்லி அந்த அறிக்கையத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. கண்ணு, எடுத்துக்கிட்டாலும் புத்திமதி நல்ல புத்திமதிதான். அந்த மறைச்ச ஆதாரை எனக்கு எறக்கிக் குடுத்துட்டுப் போ. ரேசன் கடை மிசினுக்கு மட்டும் அது ஆகாது. அதுக்கு வெரல் வோணும். மம்முட்டி புடிச்ச கையில ரேகை எங்க இருக்குது? சில மாசம் நான் நானில்லேன்னு அது சொல்லிப்போடுது. பொறவு கண்ணைக் காட்டி நாந்தான்னு நிரூபிச்சு அரிசி வாங்கிட்டு வாரேன்.

இந்த ஆதார் நாயத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டு போனது ஆருன்னு நெனைக்கற? உன்னாட்டம் லேப்டாப்புப் பசங்க இல்ல. புட்டசாமின்னு கர்நாடகா ஐகோர்ட்டுல ரிடையர் ஆன ஜட்ஜு. 2012ல கேசு போடறப்ப அவருக்கு வயசு 86. அந்த வயசுல என்னாட்டம் ஆளுங்க மூட்டுவலித் தைலம் தேடிக்கிட்டு இருப்பாங்க. கவுருமெண்டு வக்கீலுங்க, அந்தரங்கம்னு ஒரு அடிப்படை உரிமையே அரசியல் சாசனத்துல கெடையாதுன்னு அடிச்சுப் பேசுனாங்க. அதுக்குக் கைத்தடியா 1962ல வந்த கரக் சிங் தீர்ப்பைக் காட்டுனாங்க. மாப்ளை, இது உங்க டிபார்ட்மெண்டு கதை, நல்லாக் கேளுங்க. உத்தரப் பிரதேசத்துல கொள்ளைக் கேசுல புடிச்சு, சாட்சியில்லேன்னு உட்ட ஆளு ஊட்டுக் கதவைப் போலீசு ராத்திரி ராத்திரி வந்து தட்டிக்கிட்டே இருந்துச்சு. ராத்திரி தட்டறது தப்புன்னு அன்னைக்கே கோர்ட்டு சொல்லிருச்சு. ஆனா அந்தரங்கம்னு தனியா உரிமை இல்லேன்னும் அதுலயே எழுதிப்போட்டாங்க. அந்த ஒத்தை வரிய வெச்சே அம்பத்தஞ்சு வருசம் வண்டி ஓடுச்சு. 2017 ஆகஸ்ட் 24ந் தேதி 9 ஜட்ஜுங்க உக்காந்து, ஒருத்தர்கூட மாறாம, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான்னு தீர்ப்புச் சொன்னாங்க. கெழவன் செயிச்சுப்போட்டாரு. அடுத்த வருசம் பேங்குக்கும் சிம்முக்கும் ஆதார் கட்டாயமில்லேன்னு வேற வந்துச்சு. மானியத்துக்கும் பான் கார்டுக்கும் வோணும்னாங்க. அவரு 98 வயசு வரைக்கும் இருந்து 2024லதான் போனாரு.

வாட்சப்பு சண்டைக்கும் வாரேன், பொறு. அதுல நம்ம மெட்ராசுக்கும் பங்கு இருக்குது. 2018ல மெட்ராஸ் ஐகோர்ட்டுலதான், முகநூலு, வாட்சப்பு கணக்கையெல்லாம் ஆதாரோட இணைக்கோணும்னு கேசு வந்துச்சு. ஆதார் கோரிக்கைய ஒதுக்கி வெச்சுட்டு, ஒரு செய்திய மொதல்ல கெளப்புனது ஆருன்னு கண்டுபுடிக்க முடியுமாங்கற கேள்வியாக் கோர்ட்டு அதை வளத்துச்சு. மெட்ராஸ் ஐ.ஐ.டி. வாத்தியாரு காமகோடி, செய்தியோட கூடவே கெளப்புனவன் நம்பரையும் சேத்து அனுப்பலாம், முடியும்னாரு. பம்பாய் ஐ.ஐ.டி.யில இருந்து மனோஜ் பிரபாகரன், அதுல ஓட்டை இருக்குது, ஒண்ணும் அறியாதவனும் மாட்டுவான்னாரு. ரெண்டு ஐ.ஐ.டி.யும் மோதிக்கிட்டா நம்மளாட்டம் ஆளுங்க நடுவுல பூந்து தீர்ப்புச் சொல்ல முடியுமா? கேசு டெல்லிக்குப் போயிருச்சு. 2021 பிப்ரவரியில கவுருமெண்டே விதி போட்டுச்சு: 50 லட்சம் பேருக்கு மேல வெச்சிருக்கற கம்பெனி, கோர்ட்டோ அதிகாரியோ கேட்டா மொதல்ல அனுப்புனவனைக் காட்டோணும். வாட்சப்புக்காரன் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனான். 2024 ஏப்ரல்ல அவன் வக்கீலு, 'செய்திக்குப் போட்ட பூட்டை ஒடைக்கச் சொன்னா நாங்க கடையக் கட்டிட்டுப் போயிருவோம்'னு சொல்லிப்போட்டாரு. காலங்காத்தால ரோசாப்பூவோட குட்மார்னிங் அனுப்பற எங்க செட்டுக்கு அன்னைக்குச் சோறு எறங்கலே.

அந்த விதியில ஒரு அழகு இருக்குது. மொதல்ல அனுப்புனவன் வெளிநாட்டுல இருந்தான்னா, நம்ம தேசத்துக்குள்ள அதை மொதல்ல அனுப்புனவனையே கெளப்புனவனா எடுத்துக்குவாங்களாமா. துபாய்ல இருந்து உங்க சித்தப்பன் பையன் அனுப்பறதையெல்லாம் படிச்சும் பாக்காம நம்ம குலதெய்வக் குரூப்புல தள்ளி உடறது ஆரு? நாந்தான். அப்ப சட்டப்படி மூலவர் நானு. மாப்ளை வந்து எனக்கு வெலங்கு மாட்டுவாரு, அப்பத்தா பொங்க வெச்சுக் கும்புடுவா.

எகத்தாளம் போதும். மாமன் கோவத்துல நாயமே இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். 2018 மே மாசம் திருவண்ணாமலைப் பக்கம் போளூர்கிட்ட, கொழந்தைங்களுக்கு சாக்லேட்டு குடுத்த ஒரு பாட்டியப் புள்ளை புடிக்கறவன்னு நெனைச்சு அடிச்சே கொன்னாங்க. குலசாமி கும்புட வந்த அம்மா அது. வாட்சப்புல சுத்துன வதந்தி. அந்த வதந்திய ஒருத்தன் எங்கயோ மெத்தையில படுத்துக்கிட்டுக் கெளப்பியிருப்பான். அவனைப் புடிக்கோணும்னு ஒரு போலீசுக்காரன் நெனைச்சா அது தப்பா? ஆனா அந்தப் பாட்டிய அடிச்ச கை வதந்திய எழுதுன கை இல்ல. அதை அனுப்புன கை நூறு, ஆயிரம். ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல தள்ள முடியாதுன்னு அந்த வருசமே வாட்சப்புக்காரன் ஒரு கட்டை போட்டான். பூட்டைத் தொடாமலே செஞ்ச வேலை அது.

போலீசுக்கு மட்டும்னு ஒரு தனிச் சாவி செஞ்சு வெச்சா என்னங்கறாரு மாமன். செஞ்சு வெச்ச ஊரு ஒண்ணு இருக்குது. அமெரிக்காவுல 1994லயே, போன் கம்பெனியெல்லாம் போலீசு ஒட்டுக்கேக்கறதுக்கு வழி வெச்சுத்தான் ஆகோணும்னு சட்டம் போட்டாங்க. 2024ல என்னாச்சு? சீனாக்காரங்கன்னு சொல்லப்படற ஒரு கூட்டம் பெரிய பெரிய போன் கம்பெனிக்குள்ள பூந்து, அந்த ஒட்டுக்கேக்கற வழியையே தொட்டுருச்சு. அந்த டிசம்பர்ல அமெரிக்க அதிகாரிங்களே சனங்ககிட்ட, பூட்டுப் போட்ட செயலியில பேசுங்கன்னு சொன்னாங்க. அப்படிச் சொன்னதுல எஃப்.பி.ஐ.யும் உண்டு. 2016ல ஒரு ஐபோனைத் தொறந்து குடுன்னு ஆப்பிள்காரனைக் கோர்ட்டுக்கு இழுத்த அதே எஃப்.பி.ஐ. மாப்ளை, உங்க ஆளுங்கதான்!

நீ ஏன் காலரைத் தூக்கி உட்டுக்கற? உன்ற கம்பெனிக்காரங்க மட்டும் யோக்கியமா? வாட்சப்புல எழுதறதுதான் பூட்டுக்குள்ள இருக்குது. ஆருகூட, எந்நேரம், எத்தனை தடவைங்கறது பூட்டுக்கு வெளிய. அப்பத்தா என்னையச் சந்தேகப்படறதுக்கு அதுவே போதுமே, எழுத்து எதுக்கு? 2021ல அவன், ஒத்துக்கிட்டா இரு இல்லாட்டிப் போன்னு புதுசா நிபந்தனை போட்டான். அதுக்காக 2024 நவம்பர்ல நம்ம போட்டி ஆணையம் அவன் மொதலாளி மெட்டாவுக்கு 213 கோடி அபராதம் போட்டுச்சு. அவன் மேல்முறையீட்டுக்குப் போனான். நீ அந்த நிபந்தனையப் படிச்சயா? படிக்கல. 'ஓகே' அமுக்குன. துணிக்கடையில ரெண்டு பனியன் வாங்கறதுக்கு அந்தப் புள்ள 'சார் நம்பரு'ன்னதும், கேக்காத பின்கோடு வரைக்கும் ஒப்பிச்ச. நம்பர் குடுத்தாத்தான் பில்லுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2023லயே நுகர்வோர் அமைச்சகம் கடைக்காரங்களுக்குச் சொல்லியிருக்குது. நான் எப்பவும், 'போன் இல்லீங் சாமி'ம்பேன். மடியில அது மணி அடிச்சுக்கிட்டு இருக்கும். அந்தப் புள்ளயும் சிரிச்சுக்கிட்டே பில்லைக் குடுத்துரும்.

அங்க குடுக்கற நம்பர் எங்கெங்க போகும்னு மாமனைக் கேளு, சொல்லுவாரு. சொல்ல மாட்டாரா? செரி, நானே சொல்றேன். ஒரு நாளு போலீசு உடுப்புல ஒருத்தன் வீடியோவுல வந்து, 'உங்களை டிஜிட்டல் அரெஸ்டு பண்ணியிருக்குது'ன்னான். அப்படி ஒரு கைது சட்டத்துலயே கெடையாது. ஆனா மாப்ளை பட்டுனு எந்திரிச்சு சல்யூட்டு அடிச்சுப்போட்டாரு! பழக்க தோசம். நல்லவேளை, நாங்க சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குப் போன் பண்ணச் சொல்லித் தடுத்துட்டோம். அவன் மாப்ளை பேரு, பென்சன் வர்ற பேங்கு, ஆதாரோட கடேசி நாலு எண்ணு எல்லாம் வரிசையாச் சொன்னானாமா. இத்தனை வருசமா மாமனாருக்கே சொல்லாத சங்கதி. இப்பச் சொல்லுங்க மாப்ளை, மடியில கனமிருக்கறது வழிப்பறிக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுது?

இந்த மோசடிய ஒழிக்கறோம்னுதான் 2025 நவம்பர்க் கடேசியில, புதுப் போன் எல்லாத்துலயும் சஞ்சார் சாத்திங்கற செயலிய ஏத்தியே விக்கோணும்னு டெல்லியில இருந்து உத்தரவு போச்சு. தொலைஞ்ச போனைக் கண்டுபுடிக்க அது ஒதவுது, இல்லேன்னு சொல்லலே. ஆனா அதை முடக்கக் கூடாதுன்னு உத்தரவு சொல்லுச்சு, வேண்டாட்டி அழிச்சுக்கலாம்னு மந்திரி சொன்னாரு. சனங்க போட்ட சத்தத்துல டிசம்பர் 3ந் தேதியே கட்டாயத்தை எடுத்துட்டாங்க.

இதெல்லாம் சில்லறை. நீ என்ற போன்ல என்னமோ செய்யி, வேண்டாங்கல. ரெண்டடுக்குப் பின் நம்பர் வெய்யி, சிக்னலையும் ஏத்தி உடு. ஆனா நீயும் மாமனும் பூட்டைப் பத்தியே அடிச்சுக்கிட்டு இருந்ததுல அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துனதைப் பாக்காம உட்டுட்டீங்க.

2023ல நம்ம விவரத்தைக் காப்பாத்தறதுக்குன்னு பார்லிமெண்டுல ஒரு சட்டம் வந்துச்சு. தப்புப் பண்ற கம்பெனிக்கு 250 கோடி வரைக்கும் அபராதம். கவுருமெண்டு எந்தெந்த இலாகாவுக்கு வோணும்னாலும் விலக்குக் குடுத்துக்கலாம்னும் அதுலயே இருக்குது. அது எப்பவும் உள்ளதுதான். என்ற கண்ணு நின்ன எடம் 44வது பிரிவு. தகவல் உரிமைச் சட்டத்துல, ஒருத்தர் சொந்த விவரமா இருந்தாலும் பொது நன்மைக்கு வோணும்னா குடுக்கலாம்னு அந்த உட்பிரிவுலயே ஒரு வழி வெச்சிருந்தாங்க. அதை வெட்டிப்போட்டாங்க. இனிமே சொந்த விவரம்னாலே இல்லேன்னு சொல்லீரலாம். பொது நன்மைக்கு வேறொரு பிரிவு இன்னும் இருக்குதேன்னு கவுருமெண்டு சமாதானம் சொல்லுது. இதுக்கு அவங்க சொல்ற காரணம் என்னங்கற? அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சாமா! அப்படி ஒரு உரிமையே இல்லேன்னு வாதாடுனவங்க, புட்டசாமிப் பெருசு செயிச்சதை எடுத்துத் தங்களுக்குப் போர்வையாப் போத்திக்கிட்டாங்க.

விதியெல்லாம் வெளிவந்தது 2025 நவம்பர் நடுவுல. என்ற விவரத்தை வெச்சிருக்கற கம்பெனிக்காரன் ஒழுங்கா நடந்துக்கறதுக்கு எத்தனை நாளு அவகாசம் தெரியுமா? 18 மாசம். தகவல் உரிமைய வெட்டுன பிரிவு? அன்னைக்கே அமல்!

இது என்ன பெரிய சமாச்சாரம்னு கேப்ப. மெட்ராசுல பொறந்த அருணா ராய் ராசஸ்தானுக்குப் போயி, 1990கள்ல அங்கத்த கூலிக்காரங்களோட சேந்து வருகைப் பதிவேட்டை ஊரு நடுவுல சத்தமாப் படிச்சாங்க. பஞ்சத்து வேலைக்கு வராதவன் பேரெல்லாம் அதுல வேலை செஞ்சிருந்துச்சு. செத்தவங்களும் கூலி வாங்கியிருந்தாங்க. அப்படிப் படிச்சதுல இருந்துதான் தகவல் உரிமைச் சட்டமே மொளைச்சுது. இப்பப் போயி அந்தப் பதிவேட்டைக் கேட்டா, 'பேரு சொந்த விவரம், குடுக்க முடியாது'ன்னு ஒரு ஆபீசரு சொன்னா நீ என்ன பண்ணுவ? செத்தவன் அந்தரங்கத்தைக் காப்பாத்தறாங்களாமா. நூறு நாளு வேலைக்குப் போற நம்ம பொம்பளைங்களைக் காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை நிக்க வெச்சுப் போட்டோ புடிச்சு டெல்லிக்கு அனுப்பறாங்க. அவங்க மூஞ்சி டெல்லிக்குத் தெரியோணும், அவங்களுக்குச் சேர வேண்டிய காசு எவன் மடியில இருக்குதுன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியக் கூடாது.

அதனால அந்தப் போனை இங்க குடு, ஒரு வெள்ளைத் தாளு எடு. உன்ற கையெழுத்து கோழி கிண்டுனாப்பல இருந்தாலும் பரவாயில்ல, எழுது. பெறுநர், பொதுத் தகவல் அலுவலர். நம்ம பஞ்சாயத்துல இட்டேரிக்குக் கல்லுப் போட்டதா ஒரு கணக்கு இருக்குது, அந்த இட்டேரியில நேத்து நீதான் முள்ளு குத்திக்கிட்டு நொண்டிட்டு வந்தே. வேலை செஞ்சவங்க பட்டியல், கூலி ரசீது, பில்லு நகல் வோணும்னு கேளு. 10 ரூபாய்க்குக் கோர்ட்டுப் பீசு ஸ்டாம்பு ஒட்டோணும், அந்தப் பத்து ரூபாய என்ற மடியில இருந்து தாரேன், அப்பத்தா வர்றதுக்குள்ள வாங்கிக்க. கீழ என்ற பேரு, ஊடு இருக்கற வெலாசம் எல்லாம் முழுசாப் போடு. ஏன் முழிக்கற? என்ற வெலாசம் அவங்களுக்குத் தெரிஞ்சா எனக்கு ஒண்ணும் வெசனமில்ல. அவங்க பதில் அனுப்ப வேண்டாமா?

மாப்ளை, நீங்களும் கையெழுத்துப் போடறீங்களா? ஏதோ வேலை இருக்குதுங்களா. செரி, செரி.